கலைவழியே ஒருமை கண்ட ஒகாகுரா

1902ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதி. புத்தகயையின் போதி மரத்தடிக்கு இரு யாத்திரிகர்கள் வந்து சேர்ந்தனர். ஒருவர் சுவாமி விவேகானந்தர். உலகைச் சுற்றி வந்த அந்தத் திருமேனி நோயால் மிகவும் தளர்ந்திருந்தது. இன்னும் ஐந்து மாதங்களே அவர் இப்பூவுலகில் வாழவிருந்தார். 1886இல், இளந்துறவியாகப் புறப்பட்ட நாளில் முதன்முதலாகத் தேடி வந்த அதே தலத்திற்கு இப்போது இறுதி யாத்திரையாக வந்திருந்தார். உடன் வந்தவர் ஜப்பானியர், பெயர் ஒகாகுரா காகுசோ. கலை வரலாற்று அறிஞர், எழுத்தாளர், சிற்பங்களையும் ஓவியங்களையும் காக்க உழைத்தவர், பதவியையும் முன்னரே பறிகொடுத்தவர்.

இருவருக்கும் வயதில் ஒரு மாதமே வித்தியாசம். சுவாமிஜி பிறந்தது 1863 ஜனவரி 12. ஒகாகுரா பிறந்த நாள் பழைய ஜப்பானிய நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம் 26. இன்றைய கணக்கின்படி அது 1863 பிப்ரவரி 14. சுவாமிஜியை ஜப்பானுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே ஒகாகுராவின் வருகைக்கு முதன்மையான நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஆயினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அவர் இங்கிருந்து எதைக் கொண்டு சென்றார் என்பதை அறிய, அவருடைய இளமையிலிருந்து தொடங்க வேண்டும்.

தாய்மொழி படிக்கத் தெரியாத சிறுவன்

ஜப்பானின் யோகோஹாமா நகரம் 1859இல் அந்நிய வணிகத்திற்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம். ஒகாகுராவின் தந்தை ஃபுகுயி சமஸ்தானத்தைச் சேர்ந்த சாமுராய், அதாவது போர்வீரர் குலத்தவர். சமஸ்தானத்தின் பொருட்டு வாளைக் களைந்துவிட்டுத் தராசை எடுத்தார். யோகோஹாமாவில் வெளிநாட்டாருக்குப் பட்டு விற்கும் கடையை நடத்தினார். கடையின் மூலையில் இருந்த பண்டகசாலையில் குழந்தை பிறந்ததால், மூலைக் கிடங்கு என்று பொருள்படும் காகுசோ என்ற பெயரையே சூட்டிவிட்டார்கள். பின்னாளில் அவர் அதே ஒலிப்பை வைத்துக்கொண்டு வேறு பொருள் தரும் எழுத்துகளில் தம் பெயரை எழுதினார். தென்ஷின் என்ற புனைபெயராலும் அவர் அறியப்படுகிறார்.

கடைக்கு வருபவர்களோ ஆங்கிலேயரும் அமெரிக்கரும். எனவே தந்தை மகனைச் சிறு வயதிலேயே கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரிடம் ஆங்கிலம் கற்க அனுப்பினார். சிறுவன் வெகு விரைவில் அம்மொழியில் தேர்ச்சி பெற்றான். ஒருநாள் தந்தையுடன் கவாசாகியில் உள்ள புகழ்பெற்ற பௌத்தக் கோயிலுக்குச் சென்றபோது, வழியில் எல்லைப் பலகை ஒன்று நின்றது. அதைப் படிக்குமாறு தந்தை கூறினார். மகனால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க இயலவில்லை. ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்கும் பிள்ளை தன் சொந்த நாட்டுப் பலகையின் முன் ஊமையாக நின்றான். ஒகாகுராவின் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சி தந்தையையும் மகனையும் ஒருங்கே உலுக்கியது. இளமையிலேயே தாயை இழந்திருந்த அந்தச் சிறுவனைத் தந்தை ஒரு பௌத்தக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்த துறவியிடம் அவன் பண்டைய சீன நூல்களைப் பயின்றான். ஆங்கிலப் படிப்பும் தடைபடவில்லை. இருவேறு கல்விகளும் இவ்வாறு ஒரே உள்ளத்தில் வேரூன்றின. ஆங்கிலத்தை அவர் ஒருபோதும் வெறுத்து ஒதுக்கியதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தம் நாட்டை மறக்கச் செய்த அம்மொழியிலேயே அவர் பின்னாளில் தம் நாட்டைப் பற்றி எழுதினார்.

குடும்பம் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தது. ஒகாகுரா பல்கலைக்கழகத்தில் அரசியலும் தத்துவமும் பயின்றார். பதினாறு வயதளவிலேயே மோதோகோ என்ற பெண்ணுடன் திருமணமும் நடந்தது. பட்டப்படிப்பின் இறுதியில் அரசு என்பதன் இலக்கணம் குறித்து அவர் மாதக்கணக்கில் உழைத்து எழுதிய ஆய்வேட்டை இளம் மனைவி ஒருநாள் கோபத்தில் தீயிலிட்டுவிட்டாராம். எஞ்சியிருந்ததோ இரண்டு வாரங்கள். அந்த இரண்டு வாரங்களில் கலை பற்றி ஓர் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்து 1880இல் பட்டம் பெற்றார். குடும்பத்தார் வழியே வழங்கிவரும் கதை இது. அந்தக் கோபத்தால் ஜப்பான் ஓர் அரசியல் அதிகாரியை இழந்து ஒரு கலைக் காவலரைப் பெற்றது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

துணி சுற்றிய அவலோகிதேசுவரர்

1868இல் மெய்ஜி பேரரசரின் ஆட்சி தொடங்கியதும் ஜப்பானில் எல்லாம் மேலைமயமாகத் தொடங்கிற்று. படை, பள்ளி, உடை, உணவு, கட்டடம் எதுவும் விலக்கில்லை. அதனுடன் வேறொரு விபரீதமும் நிகழ்ந்தது. ஷிந்தோ சமயத்தைப் பௌத்தத்திலிருந்து பிரிக்க அரசு ஆணை பிறப்பித்ததைத் தொடர்ந்து, நாடெங்கும் பௌத்தக் கோயில்கள் தாக்கப்பட்டன. விக்கிரகங்கள் உடைக்கப்பட்டன, சுவடிகள் எரிந்தன. நாரா நகரத்துக் கோஃபுகுஜி ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரமே சொற்ப விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதன் உலோகத்திற்காகக் கோபுரத்தைக் கொளுத்திவிடவும் எண்ணினார்கள் என்பர். பழங்கால ஓவியச் சுருள்கள் சந்தைக் கடைகளில் குவிந்து கிடந்தன. யாருக்கும் அவை தேவைப்படவில்லை.

அந்நாளில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் போதிக்க 1878இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர் எர்னஸ்ட் ஃபெனலோசா. ஜப்பானியர் தூக்கியெறிந்த கலைப்பொருள்களின் மேன்மையைக் கண்டு அவர் வியந்தார். அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கலானார். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றவர் மாணவர் ஒகாகுரா. தன் வீட்டுப் புதையலை அயலார் வந்து காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும் நிலை ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. அஜந்தா குகைகளும் 1819இல் வேட்டைக்குப் போன ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் கண்ணில் பட்ட பிறகுதான் உலகறிய வெளிவந்தன.

படிப்பு முடிந்ததும் ஒகாகுரா கல்வி அமைச்சகத்தில் பணியில் சேர்ந்தார். பழைய கோயில்களில் உள்ள கலைச்செல்வங்களைக் கணக்கெடுப்பது அவர் பொறுப்பாயிற்று. 1884இல் ஃபெனலோசாவுடன் நாராவை அடுத்த ஹோர்யூஜி ஆலயத்திற்குச் சென்றார். உலகில் இன்று நின்றுகொண்டிருக்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழமையானவை அங்கே உள்ளன. அங்கு யுமெதோனோ என்ற எண்கோண மண்டபத்தில், அவலோகிதேசுவரரின் திருவுருவம் ஒன்று பல நூற்றாண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் பூட்டப்பட்டிருந்தது. ஜப்பானியர் அவரை கன்னோன் என்பர். கருணையே வடிவான போதிசத்துவர். கதவைத் திறந்தால் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆலயமே இடிந்துவிடும் என்று துறவிகள் அஞ்சினார்கள், திறக்க மறுத்தார்கள். நெடிய வாதத்திற்குப் பின் கதவு திறந்தது. உள்ளே, நீண்ட துணிச் சுருள்களால் சுற்றப்பட்டு ஓர் உருவம் நின்றது. துணியைப் பிரிக்கப் பிரிக்க நூற்றாண்டுகளின் தூசி எழுந்து மூச்சை அடைத்தது. கடைசிச் சுற்று விலகியபோது, ஏழாம் நூற்றாண்டில் மரத்தில் செதுக்கிப் பொன் போர்த்திய முகம், புன்முறுவல் மாறாமல் அவர்களைப் பார்த்தது.

நிலம் நடுங்கவில்லை. ஆனால் ஒகாகுராவின் உள்ளத்தில் ஏதோ நிகழ்ந்துவிட்டது. கணக்கெடுக்கும் அதிகாரியாகச் சென்றவர், இந்தக் கருணை முகத்தின் மூலம் எது என்று தேடுபவராகத் திரும்பினார். அந்த மூலம் ஜப்பானில் இல்லை. கொரியாவிலும் சீனாவிலும் முற்றுப்பெறவும் இல்லை. அது கங்கைக் கரைக்கு இட்டுச் சென்றது.

உயர்ந்த பதவி, சடுதியான வீழ்ச்சி

1886 முதல் 1887 வரை அரசு அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிக் கலைக்கல்வி முறைகளை ஆராயச் செய்தது. திரும்பி வந்ததும் டோக்கியோ நுண்கலைப் பள்ளியை அமைக்கும் பணியில் முன்னின்றார். 1889இல் பள்ளி திறக்கப்பட்டது. கொக்கா என்ற கலை ஏடும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, இருபத்தேழு வயதில், ஒகாகுரா பள்ளியின் தலைவரானார். மேனாட்டு உடை அணிவதே நாகரிகம் எனக் கருதப்பட்ட அக்காலத்தில், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பண்டைய நாரா காலத்து அங்கியைச் சீருடையாக்கினார். தாமும் அதையே அணிந்து குதிரை மேலேறிப் பள்ளிக்கு வருவார். இதில் சற்றே ஆடம்பரமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யோகொயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ, ஷிமோமுரா கன்சான் முதலிய தலைசிறந்த ஓவியர்கள் அப்பள்ளியில் உருவானவர்களே. பழங்கோயில்களைக் காக்க 1897இல் ஜப்பான் இயற்றிய சட்டத்திற்கும் அவருடைய கணக்கெடுப்புகளே அடித்தளமாயின.

இந்தக் காலத்தில் ஒரு வியத்தகு ஒற்றுமை நேர்ந்தது. 1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பான் அரசு ஒரு மண்டபம் அமைத்தது. கியோட்டோ அருகிலுள்ள பீனிக்ஸ் மண்டபத்தை அடியொற்றி எழுந்தது அது. அதன் உட்புற அலங்காரத்தை ஒகாகுராவின் கலைப்பள்ளி செய்தது. விளக்க நூலை ஆங்கிலத்தில் ஒகாகுராவே எழுதினார். அதே கண்காட்சியின் அங்கமாகக் கூடிய சர்வசமயப் பேரவையில்தான் செப்டம்பர் 11ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார். அங்கே செல்லும் வழியில் சுவாமிஜி ஜப்பானைக் கண்டிருந்தார். நாகசாகியிலிருந்து யோகோஹாமா வரை பல ஊர்களைப் பார்த்தார். அந்நாட்டாரின் தூய்மையும் கலையுணர்வும் அவரைக் கவர்ந்தன. அங்குள்ள கோயில்களில் வடமொழி மந்திரங்கள் பழைய வங்க எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கக் கண்டு வியந்து, யோகோஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒகாகுரா பிறந்த ஊரில் அமர்ந்து அவர் அதை எழுதினார் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

1898இல் ஒகாகுரா பதவியிழந்தார். மேனாட்டு ஓவிய முறையை விரும்பியோர் அவரை எதிர்த்தனர். அமைச்சகத்திலும் பகை மூண்டது. இவை மட்டுமே காரணமென்று சொல்வது நேர்மையாகாது. மேலதிகாரி ஒருவரின் மனைவியுடன் அவருக்கிருந்த உறவு பற்றி எழுந்த அபவாதமும் அவரை வீழ்த்தியது. மதுப்பழக்கமும் மிகுந்திருந்தது. அவரை மகானாகச் சித்திரிப்பவர்கள் இந்தப் பக்கத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். ஆனால் புகழும் பதவியும் இழந்து நின்ற இந்த மனவேதனையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் இந்தியாவை நோக்கி ஏன் புறப்பட்டார் என்பது விளங்காது. அவருடன் ஆசிரியர் பலரும் பதவி விலகினார்கள். அவர்களைக் கொண்டு ஜப்பானியக் கலைக்கழகம் என்ற அமைப்பை அதே ஆண்டில் நிறுவினார். கோடுகளைக் கைவிட்டு வண்ணத்தின் மூலமே காற்றையும் ஒளியையும் காட்ட முயன்ற அவர்களுடைய புதிய ஓவியங்களை, மங்கல் ஓவியம் என்று நாளேடுகள் ஏளனம் செய்தன. வாங்குவார் இல்லை. வறுமை சூழ்ந்தது.

பாரதத்தில் பத்து மாதங்கள்

சுவாமிஜியிடம் பெரும் பக்தி கொண்டிருந்த மிஸ் ஜோசபின் மெக்லவுட் 1901இல் ஜப்பான் சென்றார். ஜப்பானியக் கலையை ஒகாகுராவிடம் பயின்றார். அவர் வாயிலாகவே ஒகாகுரா சுவாமிஜியைப் பற்றி அறிந்தார். ஜப்பானுக்கு வருமாறு சுவாமிஜிக்கு அன்பு ததும்பும் அழைப்பும் வழிச்செலவுக்குப் பணமும் அனுப்பினார். சுவாமிஜியின் உடல்நிலை இடம் தரவில்லை. எனவே மிஸ் மெக்லவுடுடன் ஒகாகுராவே புறப்பட்டார். 1902 ஜனவரி 6ஆம் நாள் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

பேலூர் மடத்தில் சந்தித்ததும் இருவருக்கும் இடையே நெடுநாள் பிரிந்த சகோதரர் போன்ற நெருக்கம் ஏற்பட்டது. ஒகாகுரா என்ற பெயர் வங்காளிகளின் நாவில் அக்ரூரர் ஆயிற்று. பிருந்தாவனத்திலிருந்து கண்ணனை மதுரைக்கு அழைத்துப் போக வந்தவர் அக்ரூரர் அல்லவா? இவரும் சுவாமிஜியை அழைத்துப் போகவே வந்தவர். அக்ரூரச் சித்தப்பா என்றே வேடிக்கையாக அழைத்ததாக மடத்து நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. இம்முறை அக்ரூரரின் தேர் கண்ணனில்லாமல்தான் திரும்பியது.

புத்தகயையிலிருந்து இருவரும் காசிக்குச் சென்றனர். அங்கு நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி சுவாமிஜியின் கடிதத்தில் பதிவாகியுள்ளது. வீட்டுப் பணியாட்கள் தண்ணீர் வைத்துக்கொள்ளும் சாதாரண மண்பாத்திரம் ஒன்றை ஒகாகுரா கண்டார். அதன் வடிவிலும் அதன் மீதிருந்த புடைப்பு வேலைப்பாட்டிலும் மனம் பறிகொடுத்தார். மண்பாத்திரம் பயணத்தில் உடைந்துவிடும். ஆதலால் அதே வடிவில் பித்தளையில் ஒன்று செய்து தரவேண்டும் என்று சுவாமிஜியிடம் கேட்டுக்கொண்டு தம் யாத்திரையைத் தொடர்ந்தார். இதை எங்கே செய்விப்பது என்று சுவாமிஜி திகைத்திருந்த வேளையில், காசியைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்து தாமே செய்வித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். அதைவிடச் சிறந்த மண்வேலைப்பாடுகள் நூற்றுக்கணக்கில் காட்டுகிறேன் என்றும் முன்வந்தார். அரண்மனை ஓவியங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கலை அறிஞரின் கண், பணியாளின் நீர்ப்பாத்திரத்தில் நிலைத்து நின்றது. அவர் பிற்காலத்தில் எழுதியவற்றுள் மிகச் சிறந்த நூலுக்கு வித்து இத்தகைய பார்வையிலேயே இருக்கிறது.

சுவாமிஜியின் சகோதரத் துறவியான சுவாமி நிரஞ்சனானந்தர் உடன்வர, ஒகாகுரா ஆக்ரா, குவாலியர், அஜந்தா, எல்லோரா எனச் சுற்றினார். அஜந்தாவின் சுவரோவியங்களைக் கண்டபோது அவர் நெஞ்சு ஹோர்யூஜிக்குப் பறந்திருக்க வேண்டும். அங்கே பொன்மண்டபத்துச் சுவர்களில் தீட்டப்பட்டிருந்த புத்தர்களும் போதிசத்துவர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தோளின் வளைவு, விரல்களின் முத்திரை, பாதி மூடிய இமை யாவும் மத்திய ஆசியப் பாலைவனத்தையும் சீனத்தையும் கொரியக் கடலையும் கடந்து சென்று ஜப்பானியச் சுவரில் அமர்ந்திருந்தன. சிறு வயதில் படிக்க முடியாமல் போன எல்லைப் பலகையை அவர் இப்போது படித்துவிட்டார் என்றே சொல்லலாம். அதில் எல்லை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்தப் பிப்ரவரியில் மேனாட்டிலிருந்து சென்னை வழியாகத் திரும்பிய சகோதரி நிவேதிதை, ஒகாகுராவின் நூலுக்குப் பெருந்துணையானார். கீழை நாடுகளின் இலட்சியங்கள் என்ற அந்நூலின் ஆங்கிலத்தை அவர் செப்பனிட்டார், முன்னுரையும் எழுதினார். 1903இல் லண்டனில் நூல் வெளிவந்தது. இந்திய ஞானமும் சீன அறநெறியும் ஜப்பான் என்ற தீவில் வந்து சங்கமித்ததையும், ஆசியா முழுவதும் அகத்தே ஒன்றுபட்டிருப்பதையும் அது விளக்குகிறது. ஜப்பானியக் கலையைப் பற்றிய அந்த ஆங்கில நூலில் அத்வைதம் என்ற சொல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. பலவாகத் தோன்றும் யாவும் உண்மையில் இரண்டற்ற ஒன்றே என்று அவர் அதற்குப் பொருள் கூறி, அக்கருத்தைக் கலையின் அடித்தளமாகவும் வைக்கிறார். எல்லாம் ஒன்றாயின், எந்தச் சிறு பொருளிலும் முழுமை வெளிப்பட முடியும். ஒரு புல்நுனியை வரைந்தாலும் போதும். சுவாமிஜியுடன் கழித்த நாட்கள் அவருக்களித்த பெரும் கொடை இது.

ஒகாகுரா பத்து மாதங்களும் யாத்திரையிலும் நூலாக்கத்திலும் மட்டும் ஈடுபட்டிருக்கவில்லை. புத்தகயையில் ஜப்பானியப் பௌத்தர்கள் தங்குவதற்கு நிலம் கேட்டு ஆலயத்து மகந்தை அணுகினார், அது கைகூடவில்லை. ஜப்பானில் ஒரு சமயப் பேரவை கூட்டுவதற்காக ஓடா தொகுனோ என்ற பௌத்தத் துறவியும் வந்து சுவாமிஜியை அழைத்தார், அதுவும் நடைபெறவில்லை. தாகூர் குடும்பத்தின் சுரேந்திரநாதர் வீட்டில் தங்கி, வங்க இளைஞர்களிடம் அந்நிய ஆட்சியை எதிர்க்கும் வேட்கையை மூட்டினார். அக்காலத்தில் அவர் எழுதிய அனல் பறக்கும் கைப்பிரதி ஒன்று அவர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை. ஜூலை 4ஆம் நாள் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அக்டோபரில் ஒகாகுரா தாயகம் திரும்பினார்.

அவர் திரும்பிய மறு ஆண்டே, 1903இல், தம் மாணவர்களான தாய்கானையும் ஷுன்சோவையும் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவர்கள் தாகூர் இல்லத்தில் தங்கினார்கள். வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைத்து நனைத்துச் சாயலை மென்மையாக்கும் முறையை அவர்களிடமிருந்து அவனீந்திரநாதர் கற்றுக்கொண்டார். வங்க ஓவிய மரபின் தனி அடையாளமாக அது மலர்ந்தது. அவர்களும் இங்கிருந்து நம் தெய்வ வடிவங்களைக் கற்றுச் சென்றார்கள். ஜப்பானில் ஏளனத்துக்குள்ளான மங்கல் ஓவியம் கங்கைக் கரையில் இப்படி வேர்பிடித்தது.

ஒரு கிண்ணத் தேநீர்

1904 பிப்ரவரியில், ருஷ்யாவுடன் போர் மூண்ட அதே வேளையில், ஒகாகுரா தம் சீடர்களுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஃபெனலோசாவும் பிறரும் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்கள் வகைப்படுத்தப்படாமல் இருந்தன. தம் நாட்டுச் செல்வங்களை அந்நிய மண்ணில் அடையாளம் கண்டு பட்டியலிடும் பணி அவரிடம் வந்தது. அவருக்கு இதில் மகிழ்ச்சியைவிட வேதனையே மிகுந்திருக்கக்கூடும். எனினும் சோர்வின்றி உழைத்தார். 1910இல் அங்குச் சீன, ஜப்பானியக் கலைப்பிரிவின் தலைவரானார். ஆண்டில் பாதி போஸ்டனிலும் பாதி ஜப்பானிலுமாக அவர் வாழ்க்கை கழிந்தது. போஸ்டன் வீதிகளில் ஜப்பானிய உடையிலேயே நடமாடினார். பேச்சிலோ பிழையற்ற ஆங்கிலம். அதே அருங்காட்சியகத்தில் 1917 முதல் இந்தியக் கலைச் செல்வங்களைப் பேணி, நடராஜத் தத்துவத்தை மேலை உலகுக்கு உணர்த்திய ஆனந்த குமாரசாமி, ஈழத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் புதல்வர். ஒகாகுரா திறந்த கதவின் வழியே நம்மவர் ஒருவரும் நடந்திருக்கிறார்.

ருஷ்யாவை ஜப்பான் போரில் வென்றதும் மேலை உலகம் அந்நாட்டைத் திடீரென மதிக்கத் தொடங்கியது. அமைதியாகக் கலை வளர்த்த நாட்களில் காட்டுமிராண்டிகள் என்றவர்கள், போர்க்களத்தில் பிணம் குவித்த பின் நாகரிகம் பெற்றவர்கள் என்கிறார்களே என்ற கசப்பு ஒகாகுராவுக்கு இருந்தது. அதற்கு விடையாகப் போர் வீரத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. தேநீரைப் பற்றி எழுதினார். 1906இல் நியூயார்க்கில் வெளிவந்த தேநீர் நூல் என்ற அச்சிறு நூலே இன்றும் உலகெங்கும் அவர் பெயரை நிலைநிறுத்துகிறது.

தெருமுனைக் கடையில் நின்றபடி இரண்டு வாயில் குடித்துவிட்டுப் போகும் நமக்கு, தேநீருக்கு ஒரு நூலா என்று தோன்றலாம். ஜப்பானில் தேநீர் அளிப்பது ஒரு சாதனை. கூரை வேய்ந்த சிறு குடில். தலை குனிந்தே நுழையக்கூடிய தாழ்ந்த வாயில். பிரபுவானாலும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்துதான் வரவேண்டும். உள்ளே ஒரே ஓவியச் சுருள், ஒரே மலர், நீர் கொதிக்கும் ஓசை. விருந்தளிப்பவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் துடைப்பதும் நீர் மொள்வதும் பூஜையின் நிதானத்தோடு நடைபெறும். தாவோ நெறியும் ஜென் பௌத்தமும் இந்தச் சிறு செயலுக்குள் எவ்வாறு ஒடுங்கின என்பதை ஒகாகுரா காட்டுகிறார். எளிய கிண்ணத்தில் அகிலத்தைக் காணும் அந்தப் பார்வையைப் படிக்கும்போது, காசியின் மண்பாத்திரம் நினைவுக்கு வராமல் போகாது. ஜப்பானியர் இந்நூலைத் தம் மொழியில் படிக்க 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருடைய முதன்மையான மூன்று நூல்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவையே.

கடலோர அறுகோண மண்டபம்

டோக்கியோவுக்கு வடக்கே, பசிபிக் கடலோரத்தில் இஸுரா என்ற மீனவ ஊர். அங்குப் பாறை முனையில் 1905இல் ஒகாகுரா ஓர் அறுகோணச் சிறு மண்டபம் கட்டினார். கடலைப் பார்த்துத் தியானத்தில் அமர ஓரிடம். மறு ஆண்டு தம் கலைக்கழகத்தையும் அங்கேயே மாற்றினார். தாய்கான், ஷுன்சோ முதலானோர் குடும்பத்துடன் அங்கே குடியேறி, அலையோசையின் நடுவே வறுமையிலும் விடாது வரைந்தார்கள். ஒகாகுரா பெரும்பாலும் தூண்டிலும் கையுமாகப் படகில் இருப்பார்.

1912இல் அமெரிக்கா செல்லும் வழியில் மீண்டும் கல்கத்தா வந்தார். இளம் ஓவியர் நந்தலால் போஸ் அவரைச் சந்தித்தார். மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக மேசைமேல் அடுக்கி ஒகாகுரா பாடம் சொன்னார். ஒன்று இயற்கை, ஒன்று மரபு, மற்றொன்று கலைஞனின் சொந்த ஆற்றல். மூன்றில் ஒன்றை எடுத்தாலும் உருவம் குலைந்துவிடும். நந்தலால் இதை வாழ்நாள் முழுவதும் தம் மாணவர்களுக்குச் சொல்லி வந்தார். அதே வருகையில் பிரியம்பதா தேவி என்ற வங்கக் கவிஞரையும் ஒகாகுரா சந்தித்தார். இளமையில் கணவரை இழந்த அந்த அம்மையாருடன் கடிதத் தொடர்பு இறுதிவரை நீடித்தது. உடல் நலிந்து தனிமையில் வாடிய அவருக்கு அக்கடிதங்கள் ஆறுதலாயின.

ஒகாகுரா அறியாமலே அவர் நூலுக்கு ஒரு துயரம் காத்திருந்தது. ஆசியாவின் ஒருமை என்ற அவருடைய கருத்தை, 1930களிலும் அதன் பின்னும் ஜப்பானியப் படைவெறியர்கள் போர் முழக்கமாக மாற்றினார்கள். சீனத்தையும் தென்கிழக்கு ஆசியாவையும் ஆக்கிரமிக்க அது சாக்காயிற்று. அச்சேறாதிருந்த அந்தக் கைப்பிரதியும் அந்தச் சூழலில்தான் அச்சேறியது. இந்தக் களங்கத்தில் ஒகாகுராவுக்குப் பங்கே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கொரியா மீது ஜப்பான் செலுத்திய ஆதிக்கத்தை அவர் நியாயப்படுத்தி எழுதியதுண்டு. இரண்டற்ற நிலையை ஓவியத்தில் தெளிவாகக் கண்டவருக்கு, அண்டை நாட்டாரிடத்தில் அது ஏனோ மங்கலாகவே தெரிந்தது. 1916இல் ஜப்பான் சென்ற இரவீந்திரநாத் தாகூர், நாட்டுவெறியின் ஆபத்தை அம்மண்ணிலேயே நின்று எடுத்துரைத்தார். அதே பயணத்தில் இஸுராவுக்கும் சென்று, மறைந்த நண்பரின் இல்லத்தில் அவர் குடும்பத்தாரைக் கண்டார். அறுகோண மண்டபம் 2011 மார்ச் 11இல் எழுந்த ஆழிப்பேரலையில் அடித்துச் செல்லப்பட்டு, மறு ஆண்டு அதே பாறையில் மீண்டும் எழுப்பப்பட்டது.

1913 வசந்தத்தில் ஒகாகுரா போஸ்டனிலிருந்து கடைசி முறையாகத் தாயகம் திரும்பினார். சிறுநீரக நோய் முற்றியிருந்தது. ஆகஸ்ட் மாத வெயிலில், மருத்துவர் சொல்லையும் பொருட்படுத்தாமல், பழங்கோயில் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்திற்கு வந்தார். ஹோர்யூஜி பொன்மண்டபத்துச் சுவரோவியங்கள் சிதைந்து வருகின்றன; அவற்றைக் காக்க உடனே வழி காணவேண்டும் என்று முறையிட்டார். அஜந்தாவின் உறவினர்களான அந்த ஓவியங்களுக்காகப் பேசியதே அவருடைய இறுதிப் பொதுப்பணி. மலைக்காற்று நலம் தரும் என்று அகாகுரா என்ற ஊருக்குச் சென்றார். செப்டம்பர் 2ஆம் நாள் அங்கேயே, ஐம்பதாவது வயதில், உயிர் நீத்தார்.

அவர் அஞ்சியது 1949 ஜனவரி 26ஆம் நாள் நடந்தேறியது. பழுதுபார்ப்புப் பணியின்போது பொன்மண்டபத்தில் தீ மூண்டு, அச்சுவரோவியங்கள் கருகின. நாடே துக்கத்தில் ஆழ்ந்தது. மறு ஆண்டு, ஜப்பானின் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் விரிவான சட்டம் பிறந்தது. நமக்குக் குடியரசு நாளான ஜனவரி 26, அங்கே ஆண்டுதோறும் கலைச்செல்வங்களைத் தீயிலிருந்து காக்கும் நாள். அன்று ஹோர்யூஜியில் இறந்துபட்ட ஓவியங்களுக்காகத் துறவிகள் பிரார்த்தனை செய்கிறார்கள். பின்னர் தீயணைப்போர் குழாய்களைத் திறந்து, அந்தப் பழைய கூரைகளின் மேல் நீரைப் பீய்ச்சி ஒத்திகை பார்க்கிறார்கள்.